கடத்தப்பட்ட படை: சியரா லியோனின் ஆர்.யு.எஃப். எழுப்பும் கேள்வி

2002 மே மாதம் சியரா லியோனில் தேர்தல் நடந்தது. பதினோரு ஆண்டுப் போர் முடிந்துவிட்டதாக அறிவித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மக்களுக்காகவே ஆயுதம் தூக்கினோம் என்று அதுவரை சொல்லிவந்த புரட்சிகர ஐக்கிய முன்னணி, அதாவது ஆர்.யு.எஃப்., கட்சியாகப் பதிவு செய்துகொண்டு அந்தத் தேர்தலில் நின்றது. அதன் அதிபர் வேட்பாளருக்கு நூற்றுக்கு இரண்டு வாக்குகூட விழவில்லை. நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு நாட்டின் பாதிக்குக் குறையாத நிலத்தைத் துப்பாக்கி முனையில் வைத்திருந்த இயக்கம் அது.

ஆயுதக் குழுக்கள் தேர்தலில் தோற்பது புதிதல்ல. ஆனால் இந்தத் தோல்வி யோசிக்க வைக்கிறது. ஒரு கலகத்துக்கு வேண்டிய நியாயங்கள் அத்தனையும் அந்த நாட்டில் இருந்தன. ஆண்டவர்கள் நாட்டையே விற்றுத் தின்றார்கள். பள்ளிகள் மூடிக்கிடந்தன. படித்தவனுக்கும் வேலை இல்லை, படிக்காதவனுக்கும் வேலை இல்லை. அப்படியிருந்தும், அந்த நியாயங்களுக்கெல்லாம் சொந்தக்காரர்களான ஏழைக் கிராமத்து மக்களையே இந்த இயக்கம் வெட்டியது, எரித்தது, பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது. ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்விக்கு முப்பது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். வறுமை, வைரம், இளைஞர் ஏமாற்றம், கிராமத் தலைவர்களின் அடக்குமுறை, அண்டை நாட்டுச் சதி என்று விடைகள் பல. ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ‘எதற்காகச் சண்டையிட்டார்கள்’ என்றே கேட்கின்றன. ‘யாரை வைத்துச் சண்டையிட்டார்கள்’ என்று முதலில் கேட்டிருந்தால் விடை இன்னும் தெளிவாகக் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். சியரா லியோன் 1961 ஏப்ரல் 27 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. கிழக்கே கோனோ மாவட்டத்தில் 1930இலேயே வைரம் கண்டெடுத்திருந்தார்கள். அதைத் தோண்ட ஆழச் சுரங்கம் வேண்டாம். ஆற்றுப் படுகையிலும் பழைய நீரோட்டம் போன தடங்களிலும் சரளை மண்ணோடு கலந்து கிடக்கும். மண்வெட்டியும் வாளியும் வட்டச் சல்லடையும் இருந்தால் யாரும் தோண்டலாம். நாட்டுக்கு அது வரமாக வாய்த்திருக்க வேண்டும். 1968இல் ஆட்சிக்கு வந்த சியாகா ஸ்டீவன்ஸ் அதைத் தன் கூட்டாளிகளின் சொத்தாக்கிக்கொண்டார். 1970இல் 20 லட்சம் காரட்டுக்கு மேல் இருந்த அதிகாரபூர்வ வைர ஏற்றுமதி 1988இல் வெறும் 48,000 காரட்டுக்கு இறங்கியது. வைரம் தீர்ந்துபோகவில்லை. அரசுக் கணக்கில் ஏறாமல் பக்கவழியில் போனது.

1978இல் ஸ்டீவன்ஸ் நாட்டை ஒரே கட்சி ஆட்சியாக்கினார். 1980இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டைத் தலைநகர் ஃப்ரீடவுனில் நடத்தக் கஜானாவைத் துடைத்தார். தலைநகரிலிருந்து கிழக்குக் கோடியில் உள்ள பெண்டெம்பு வரை ஓடிக்கொண்டிருந்த சிறு ரயில்பாதை 1970களின் நடுவில் மூடப்பட்டது. அந்தக் கிழக்கும் தெற்கும் எதிர்க்கட்சியின் கோட்டை. கொக்கோவும் காப்பியும் விளைந்த அந்தப் பகுதி, ரயில் போனதோடு சந்தையிலிருந்தும் அரசின் கண்ணிலிருந்தும் அறுந்துபோனது. போர் பின்னால் எங்கே தொடங்கியது என்று பார்த்தால், அந்த ரயில் முன்பு போய் நின்ற அதே கையிலஹுன் மாவட்டத்தில்தான்.

ஸ்டீவன்ஸ் 1985இல் பதவியைப் படைத்தளபதி ஜோசப் மோமோவிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. ஃப்ரீடவுனின் ஃபோரா பே கல்லூரி 1827இல் தொடங்கியது, மேற்கு ஆப்பிரிக்காவின் முதல் உயர்கல்விக்கூடம். அதன் மாணவர்கள் 1977இலேயே ஸ்டீவன்ஸை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள். 1985இல் மாணவர் தலைவர்கள் பலர் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். சிலர் கானாவுக்குப் போனார்கள். அங்கிருந்து கடாஃபியின் லிபியாவோடு தொடர்பு ஏற்பட்டது. 1987, 88 வாக்கில் ஒரு சிறு கூட்டம் பெங்காசிக்கு அருகே ஆயுதப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தில்தான் கதை திசை மாறுகிறது. சித்தாந்தம் பேசிய மாணவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கி என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். பயிற்சிக்குப் போனவர்களில் ஒருவர் ஃபோடே சங்கோ. 1937இல் பிறந்தவர். படையில் சிக்னல் பிரிவில் கார்ப்பரலாக இருந்தவர். 1971ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தொடர்பாகப் பல ஆண்டு சிறையில் இருந்தார். வெளியே வந்து போ நகரில் புகைப்படக்காரராகப் பிழைத்தார். மற்றவர்களைவிட மூத்தவர், ஆட்சிமேல் சொந்த வன்மம் உள்ளவர். அவரோடு சேர்ந்து இயக்கத்தைத் தொடங்கியவர்களில் அரசியல் படிப்பு உள்ள இருவர் இருந்தார்கள்: அபு கானு, ரஷீத் மன்சரே. பொதுமக்கள்மீது நடந்த கொடுமைகளை இவர்கள் எதிர்த்ததாகச் சொல்லப்படுகிறது. இருவரையும் 1992இல் இயக்கமே சுட்டுக் கொன்றது. ஆர்.யு.எஃப். பற்றிப் பேசுகிறவர்கள் வைரத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு இந்த இரண்டு கொலைகளை ஒரு வரியில் கடந்து போகிறார்கள். எனக்கு இவை வைரத்தைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகின்றன. கேள்வி கேட்கக்கூடிய கடைசி ஆட்கள் அன்றே போய்விட்டார்கள்.

1991 மார்ச் 23 அன்று லைபீரிய எல்லையை ஒட்டிய பொமாரு என்ற ஊரில் முதல் தாக்குதல் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் சியரா லியோன்காரர்களே அல்லர். லைபீரியாவில் 1989 கிறிஸ்துமஸ் வேளையில் போரைத் தொடங்கியிருந்த சார்லஸ் டெய்லரின் ஆட்கள். டெய்லருக்கு எதிராக வந்த மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டுப்படைக்கு சியரா லியோன் தன் விமானதளத்தைக் கொடுத்திருந்தது. அந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளவும் கோனோவின் வைரத்தை எட்டவும் சங்கோவின் கூட்டம் டெய்லருக்குப் பயன்பட்டது. லைபீரியாவின் நாமா முகாமில் சங்கோ பயிற்றுவித்துக் கூட்டிவந்த சொந்தப் படை 400 பேரைத் தொடவில்லை. அந்த முகாமிலும் லைபீரியச் சிறைகளில் கிடந்து உயிர் பிழைக்க வேறு வழியின்றிச் சேர்ந்தவர்கள் உண்டு.

ஒரு கிராமத்துக்குள் இயக்கம் நுழைந்தால் என்ன நடந்தது என்பதைப் பிழைத்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கிறார்கள். முதலில் கிராமத் தலைவரையும் வியாபாரியையும் தேடுவார்கள். பிறகு பிள்ளைகளைப் பிரிப்பார்கள். பையன் திரும்ப வீட்டுக்குப் போக முடியாதபடி அவன் கையாலேயே ஊரில் ஒருவரைக் கொல்லவோ அடிக்கவோ வைப்பார்கள். சிலருக்கு மார்பில் பிளேடால் இயக்கத்தின் எழுத்துகளைக் கீறினார்கள். அந்த எழுத்தோடு தப்பி ஓடினால் அரசுப் படையின் கையில் சிக்கிச் சாக வேண்டியதுதான். போருக்குப் பிறகு மருத்துவர்கள் சிறுவர்களின் தோலிலிருந்து அந்த எழுத்துகளை அறுவை செய்து அகற்ற வேண்டியிருந்தது. பையன்களுக்குத் தனிப் பிரிவே இருந்தது. பெண் பிள்ளைகள் தளபதிகளுக்கு ‘மனைவி’ ஆக்கப்பட்டார்கள். சோறாக்கினார்கள், சுமை தூக்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், சிலர் துப்பாக்கியும் ஏந்தினார்கள். பிள்ளைகள் சங்கோவை ‘பாப்பே’ என்று அழைத்தார்கள். அப்பா என்று பொருள்.

இந்தக் கொடுமையை உலகம் முதலில் எப்படிப் புரிந்துகொண்டது என்பதும் ஒரு பாடம். 1994 பிப்ரவரியில் அமெரிக்க இதழாளர் ராபர்ட் கப்லான் ‘வரப்போகும் அராஜகம்’ என்ற பொருளில் ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். மக்கள்தொகைப் பெருக்கம், அழியும் காடு, நோய், குற்றம் எல்லாம் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்காவை அரசே இல்லாத நிலைக்குத் தள்ளுகின்றன என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரை அமெரிக்கத் தூதரகங்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டது. அதைப் படித்தவர்களுக்கு ஒரு வசதி: காரணம் தேட வேண்டாம், அந்த ஊரே அப்படித்தான் என்று சொல்லிவிடலாம். இனச் சண்டை என்றும் சிலர் எழுதினார்கள். உண்மை வேறு. சங்கோ வடக்கே உள்ள தெம்னே இனத்தவர், போர் தொடங்கியது தெற்கிலும் கிழக்கிலும் உள்ள மெண்டே மக்களின் ஊர்களில். இயக்கத்தில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே வீட்டில் வாழும் நாடு அது. மதச் சண்டையும் இல்லை.

கப்லானுக்கு மறுப்பாக 1996இல் பால் ரிச்சர்ட்ஸ் என்ற மானிடவியலாளர் மழைக்காட்டுப் போர் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் பல ஆண்டு சியரா லியோன் விவசாயிகளோடு பழகியவர். இந்த வன்முறைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, அரசால் கைவிடப்பட்டு வெளியே தள்ளப்பட்ட படித்தவர்களின் கோபம் இருக்கிறது என்றார். பிற்பாடு அவர் தன் கவனத்தைக் கிராமத்துக்குள் திருப்பினார். அங்கே ஒரு பெரும் உண்மையைத் தொட்டார் என்றே சொல்வேன். சியரா லியோனின் உள்நாட்டில் வீட்டு அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1920களின் கடைசியில்தான். அதன் பிறகும் நிலமும் நீதியும் கல்யாணமும் தலைமைக் குடும்பங்களின் கையில்தான். ஏழைப் பையன் ஒருவன் தலைவரின் இளம் மனைவியோடு பேசினான் என்று குற்றம் சாட்டினால் போதும், அபராதம் கட்ட முடியாமல் வயலில் உழைத்துத் தீர்க்க வேண்டும், இல்லையேல் ஊரைவிட்டு ஓட வேண்டும். அப்படி ஓடியவர்கள்தான் வைரக் குழிகளில் கூலியாகச் சேர்ந்தார்கள். கிராமத் தலைவர்களை இயக்கம் தேடித்தேடிக் கொன்றதற்கு இது ஒரு விளக்கம்.

ரிச்சர்ட்ஸின் வாதத்தை மிகக் கடுமையாக எதிர்த்தவர் சியரா லியோன்காரரான வரலாற்றாசிரியர் இப்ராகிம் அப்துல்லா. எங்கே அந்தப் படித்தவர்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டார் அவர். படித்தவர்கள் லிபியாவோடு நின்றுவிட்டார்கள். மிஞ்சியது ஃப்ரீடவுனின் தெருமுனைகளில் கஞ்சாவும் இசையும் அரைகுறைப் புரட்சிப் பேச்சுமாகத் திரிந்த உதிரி இளைஞர் கூட்டம். அவர்களிடம் எதிர்ப்பு இருந்தது, திட்டம் இல்லை என்றார். இயக்கம் 1995இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் அப்துல்லாவின் பேச்சில் நியாயம் இருப்பது தெரியும். மாவோவின் படை ஒழுக்க விதிகளைத் தழுவி எட்டு விதிகள் அதில் இருந்தன. மக்களிடம் மரியாதையாகப் பேசு, பயிரை அழிக்காதே, பெண்களிடம் அத்துமீறாதே என்ற வகை விதிகள். அவற்றை எழுதிய இயக்கம் வயலுக்கு வயல் அறுவடையைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தது.

ஆனால் அப்துல்லாவின் விடையும் எனக்குப் பாதிதான் போதுகிறது. தெருமுனை இளைஞர்கள் அரசுப் படையிலும்தான் சேர்ந்தார்கள், அங்கே இன்னும் அதிகமாகச் சேர்ந்தார்கள். 1992 ஏப்ரல் 29 அன்று போர்முனையிலிருந்து சம்பள பாக்கி கேட்டுத் தலைநகருக்கு வந்த இளம் அதிகாரிகள் மோமோவை விரட்டிவிட்டு ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களின் தலைவர் கேப்டன் வாலண்டைன் ஸ்டிராசருக்கு அப்போது வயது இருபதுகளின் நடுவில். மூவாயிரத்தை ஒட்டியிருந்த படையைச் சில ஆண்டுகளில் பல மடங்காக்கினார்கள். பகலில் சிப்பாய், இரவில் கிளர்ச்சிக்காரன் என்று மக்கள் அவர்களுக்கு ‘சோபல்’ என்றே பெயர் வைத்தார்கள். சோல்ஜரையும் ரெபலையும் ஒட்டிச் செய்த சொல். இரு தரப்பும் ஒரே ஊரை முறைபோட்டுக் கொள்ளையடித்த கதைகள் ஏராளம்.

அடுத்து வந்தது வைரவாதம். உலக வங்கியில் இருந்த பொருளியலாளர் பால் காலியர், உள்நாட்டுப் போர்களுக்குக் குறைகளைவிடப் பேராசையே சிறந்த விளக்கம் என்றார். பூமியிலிருந்து எடுத்து விற்கும் பொருளை நம்பிய நாடுகளில் போர் மூளும் வாய்ப்பு அதிகம் என்று புள்ளிவிவரம் காட்டினார். 2000ஆம் ஆண்டில் கனடாவிலிருந்து வெளிவந்த ஓர் அறிக்கை அதற்கு உயிர் கொடுத்தது. ஆண்டுக்கு ஒன்று ஒன்றரை லட்சம் காரட் மட்டுமே தோண்டக்கூடிய லைபீரியாவிலிருந்து 1994 முதல் 1998 வரை பெல்ஜியத்துக்கு 3 கோடிக் காரட்டுக்கு மேல் போயிருப்பதை அது எடுத்துக்காட்டியது. திருட்டு வைரம் எந்த வழியாகப் போனது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒரு ஹாலிவுட் படமும் வந்தது. அதோடு உலகத்தின் நினைவில் இந்தப் போர் வைரப் போராகவே பதிந்துவிட்டது.

வைரக் குழியில் நடந்ததைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பிடித்துவரப்பட்டவர்கள் காலையில் வரிசையில் நிற்பார்கள். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் குனிந்து சரளையை வாரிக் கரையில் குவிப்பார்கள். பிறகு சல்லடையில் போட்டுத் தண்ணீருக்குள் சுழற்றிச் சுழற்றிக் கழுவ வேண்டும். கனமான கல் நடுவில் வந்து சேரும். கரையில் துப்பாக்கியோடு நிற்பவன் பெரும்பாலும் கழுவுகிறவனைவிடச் சின்னவன். சில இடங்களில் ‘இரு குவியல் முறை’ என்று ஒன்று இருந்தது. ஒரு குவியல் இயக்கத்துக்கு, ஒன்று தோண்டியவனுக்கு. தோண்டியவனின் குவியலில் நல்ல கல் கிடைத்தால் அதையும் பறித்துக்கொண்டார்கள் என்று, போர்க்குற்றங்களை விசாரிக்கப் பின்னால் அமைந்த சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னார்கள். எடுத்த கற்கள் காட்டு வழியாக லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவுக்குப் போயின, துப்பாக்கியும் ரவையும் திரும்பி வந்தன.

இவ்வளவு இருந்தும் வைரம்தான் காரணம் என்ற விடை நிற்காது. வைரம் 1930 முதல் இருக்கிறது, போர் 1991இல்தான் வந்தது. அதுவும் கோனோவில் தொடங்கவில்லை, கொக்கோத் தோட்டங்கள் நிறைந்த கையிலஹுனில் தொடங்கியது. 1993 முடிவில் இயக்கம் ஏறக்குறைய ஒழிந்துபோய் லைபீரிய எல்லைக் காட்டுக்குள் ஒடுங்கியிருந்தது. அப்போது அதன் கையில் வைரமே கிடையாது. கோனோவை அது நீண்டகாலம் கைப்பற்றி வைத்திருந்தது 1998க்குப் பிறகுதான். 2004இல் வெளிவந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கையும் இதையே சொன்னது: வைரம் போரை வளர்த்தது, மூட்டியது ஊழலும் பேராசையும் மக்களை மதிக்காத ஆட்சியும்.

இந்த வாதப் பிரதிவாதத்தில் எனக்குத் திருப்புமுனையாகத் தெரிவது ஒரு கணக்கெடுப்பு. போர் முடிந்த கையோடு 2003இல் மக்கார்டன் ஹம்ஃப்ரீஸ், ஜெரமி வைன்ஸ்டைன் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள், ஆயுதத்தைக் கீழே வைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நேரில் கேள்வி கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த இரண்டு விடைகள் பழைய வாதங்களைப் புரட்டிப் போட்டன. முதலாவது, வறுமையும் படிப்பின்மையும் ஒருவரைக் கிளர்ச்சிக் குழுவில் சேர்த்த அளவுக்கு, கிளர்ச்சியை எதிர்த்த காமஜோர் வேட்டைக்காரர் படையிலும் சேர்த்திருந்தன. ஒரே குறை, இரண்டு எதிரெதிர்ப் படைகள். இரண்டாவது இன்னும் முக்கியம். ஆர்.யு.எஃப்.பில் இருந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தாங்கள் கடத்தப்பட்டுச் சேர்க்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பழைய விடைகளை மறுபடி படித்துப் பாருங்கள். குறைக்காகச் சேர்ந்தார்களா, வைரத்துக்காகச் சேர்ந்தார்களா என்ற கேள்வியே பெரும்பாலோர் விஷயத்தில் பொருளற்றது. அவர்கள் சேரவில்லை, சேர்க்கப்பட்டார்கள். பொதுவாக, மக்கள் மனமுவந்து தரும் சோறும் பிள்ளையும் இல்லாவிட்டால் ஒரு கிளர்ச்சிப் படை உயிர் வாழ முடியாது. ஆகவே அது மக்களிடம் ஓரளவாவது நல்லபடி நடந்தாக வேண்டும். ஆர்.யு.எஃப்.புக்கு அந்தக் கட்டாயம் என்றுமே வரவில்லை. ஆயுதம் தொடக்கத்தில் டெய்லர் தந்தது, பிறகு வைரத்தில் வாங்கியது. ஆள் பிடித்து வந்தது. சோறு பறித்தது. மக்களின் சம்மதம் எந்த இடத்திலும் தேவைப்படவில்லை.

உள்ளே இருந்த வன்முறைக்கும் இதில் விளக்கம் உண்டு. ஒருவரையொருவர் அறியாத, விருப்பமின்றி வந்த பையன்களை ஒரு படையாகக் கட்டிவைப்பது எப்படி? சேர்ந்து செய்யும் பாவத்தால் கட்டினார்கள். கடத்திச் சேர்க்கும் குழுக்களில்தான் கூட்டு வன்புணர்ச்சி மிகுந்திருக்கிறது, சியரா லியோனில் பெண் போராளிகள்கூட அதில் பங்கு கொண்டார்கள் என்று டாரா கே கோஹன் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். படிக்கவே மனம் கூசும் ஆய்வு. ஆனால் அதைத் தவிர்த்துவிட்டு இந்த இயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

கை வெட்டுதலை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ராணுவ ஆட்சி 1996 தேர்தலை அறிவித்தது. அதைத் தடுக்க இயக்கம் வாக்காளரின் கைகளை வெட்டத் தொடங்கியது. மை வைக்கும் விரலும் வாக்குச் சீட்டைப் பிடிக்கும் கையும் இலக்காயின. ‘அரைக்கைச் சட்டையா, முழுக்கைச் சட்டையா’ என்று கேட்டு வெட்டினார்கள். முழங்கைக்கு மேலே வெட்டினால் அரைக்கை, மணிக்கட்டில் வெட்டினால் முழுக்கை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பலர் பதினைந்து வயதைத் தாண்டாதவர்கள். அப்படியும் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அகமது தேஜன் கப்பா அதிபரானார். உலகத் தேர்தல் வரலாற்றில் இதற்கு இணையான துணிச்சல் அதிகம் இருக்காது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1996 நவம்பரில் கப்பா அரசுக்கும் ஆர்.யு.எஃப்.புக்கும் அபிஜானில் சமாதான ஒப்பந்தம். 1997 மே 25 அன்று ஜானி பால் கோரோமாவின் தலைமையில் படையினர் கப்பாவை விரட்டி, காட்டிலிருந்த ஆர்.யு.எஃப்.பை நகருக்குள் அழைத்து ஆட்சியில் பங்கு கொடுத்தார்கள். 1998இல் நைஜீரியத் தலைமையிலான கூட்டுப்படை கப்பாவைத் திரும்பக் கொண்டுவந்தது. தோற்று ஓடியவர்கள் வழியெல்லாம் கொள்ளையடித்தார்கள். 1999 ஜனவரி 6 அன்று ஃப்ரீடவுன் தாக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பலரும் அதை ஆர்.யு.எஃப். கணக்கில் எழுதுகிறார்கள். முன்னணியில் நின்று நகரை எரித்தவர்கள் பெரும்பாலும் கோரோமாவின் பழைய சிப்பாய்கள் என்று பின்னால் நீதிமன்றத்தில் தெளிவாயிற்று. எத்தனை பெரிய குற்றவாளியாக இருந்தாலும் செய்யாத குற்றத்தை அவன் தலையில் கட்டக்கூடாது. செய்தவன் தப்பிவிடுவான்.

அதேபோல, ஆணையம் பதிவு செய்த 40,000க்கும் மேற்பட்ட மீறல்களில் ஆர்.யு.எஃப்.பின் பங்கு ஏறக்குறைய 60 சதவீதம். மீதி இருக்கிறது. கோரோமா தரப்பு, அரசுப் படை, காமஜோர்கள் எல்லோருமே சிறார்களைப் படையில் வைத்திருந்தார்கள். சிறுவர் போராளிகளின் துயரத்தை உலகுக்குச் சொன்ன இஸ்மாயில் பேயாவின் நினைவுநூல் ஆர்.யு.எஃப். பையனின் கதை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் அரசுப் படையில் சண்டையிட்டவர்.

1999 ஜூலை 7 அன்று லோமேயில் கையெழுத்தான அடுத்த சமாதான ஒப்பந்தம் எனக்கு இன்றும் ஏற்க முடியாதது. எல்லோருக்கும் பொதுமன்னிப்பு. மரண தண்டனை பெற்றிருந்த சங்கோவுக்குத் துணை அதிபர் தகுதியோடு நாட்டின் கனிம வளங்களைக் கவனிக்கும் ஆணையத்தின் தலைமை. போர்க்குற்றங்களுக்கு இந்த மன்னிப்பு செல்லாது என்று ஐ.நா. பிரதிநிதி ஓரமாக எழுதிக் கையொப்பமிட்டார். பிற்காலத்தில் வழக்கு நடக்க அந்தக் கைக்குறிப்பு துணையாக நின்றது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒப்பந்தத்தைக் காக்க வந்த ஐ.நா. படையின் முதல் தளபதி இந்திய மேஜர் ஜெனரல் விஜய் குமார் ஜெட்லி. 2000 மே மாதத்தில் ஆர்.யு.எஃப். சுமார் 500 ஐ.நா. வீரர்களைப் பிடித்து வைத்தது. போர் தொடங்கிய அதே கையிலஹுனில் கூர்க்கா ரைஃபிள்ஸ் படையின் இரண்டு கம்பெனிகள், 200க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், எழுபத்தைந்து நாள் முற்றுகையில் இருந்தார்கள். ஜூலை 15 அதிகாலை தொடங்கிய ‘குக்ரி’ நடவடிக்கையில் அவர்கள் முற்றுகையை உடைத்து வெளியேறினார்கள். இன்னொரு தொடர்பைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பத்துக்கு ஒன்பது சூரத்தின் பட்டறைகள் வழியாகப் போகின்றன. ஒரு கல் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று கேட்கும் சான்றிதழ் முறையே 2003இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய கற்களுக்கு ஊர் பெயர் கிடையாது.

2000 மே மாதம் சங்கோவின் வீட்டுமுன் திரண்ட மக்கள்மீது அவருடைய ஆட்கள் சுட்டார்கள். சில நாளில் அவர் பிடிபட்டார். பிரிட்டிஷ் படை வந்தது, ஐ.நா. படை பெருகியது, அண்டை நாடான கினியாவும் ஆர்.யு.எஃப்.பை அடித்தது. 2002 ஜனவரி 18 அன்று போர் முடிந்ததாக அறிவித்தார்கள். ஆயுதம் ஒப்படைத்தவர்கள் எல்லாத் தரப்பிலும் சேர்த்து 72,000 பேருக்கு மேல். சங்கோ 2003 ஜூலையில் தீர்ப்புக்கு முன்பே காவலில் இறந்தார். அவருக்குப் பின் இயக்கத்தை நடத்திய இசா சேசேவுக்கு 2009இல் 52 ஆண்டுச் சிறை, மோரிஸ் காலனுக்கு 40, அகஸ்டின் பாவோவுக்கு 25. கட்டாயத் திருமணம் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டது அந்த வழக்கில்தான். 2012இல் சார்லஸ் டெய்லருக்கு 50 ஆண்டு. லைபீரியாவின் அதிபராக இருந்த ஒருவர் இப்படித் தண்டனை பெற்றது பெரிய செய்திதான்.

ஆனால் கடத்தப்பட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? படைக்கலைப்பின்போது பதிவான சிறார் சுமார் 6,800 பேர். அதில் பெண் பிள்ளைகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயுதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் போராளி என்று முதலில் விதி வைத்திருந்தார்கள். தளபதியின் குடிசையில் பிள்ளையோடு இருந்தவளிடம் ஏது துப்பாக்கி? உதவித்தொகை அவளைப் பிடித்துப் போனவனுக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. படைக்கலைப்பு என்ற பெயரில் நடந்த இந்த அநீதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஆர்.யு.எஃப். புரட்சி இயக்கமா, கொள்ளைக் கூட்டமா என்று கேட்டால் என் தீர்ப்பு இதுதான்: ஊழல் ஆட்சி உருவாக்கிய உண்மையான குறைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு, அந்தக் குறைகளுக்கு உரியவர்களின் பிள்ளைகளைத் திருடி, அவர்களைக்கொண்டே அவர்களுடைய பெற்றோரை அழித்த படை. முதல் பழி அதை நடத்தியவர்கள்மேல். அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு பள்ளியோ சாலையோ நேர்மையான காவலரோ இல்லாமல் செய்துவைத்த ஆட்சியாளர்கள் அதே வரிசையில் நிற்க வேண்டியவர்கள். ஸ்டீவன்ஸ் 1988இல் வயதாகி இறந்துபோனார். மோமோ நாட்டைவிட்டு ஓடி கினியாவில் இறந்தார். அவர்கள் மேல் வழக்கே இல்லை.

கை இழந்தவர்களுக்கும், வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கும், கணவனை இழந்தவர்களுக்கும் இழப்பீடு தர வேண்டும் என்று ஆணையம் 2004இல் பரிந்துரைத்தது. பணம் கைக்கு வரப் போர் முடிந்து ஏழு ஆண்டு ஆயிற்று. முதல் தவணையாக ஆளுக்குக் கொடுத்தது சுமார் 100 டாலர்.